மூவாயிரமாவது லெவலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

கலியாணம் முடித்துப் பெரியகல்லாறுக்குக் குடிவந்தபோது என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் உடுப்பு, மற்றதில் வயர். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதான். செட்டிபாளையத்து மாப்பிள்ளை என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று பார்க்க ஊர்ப் பெண்கள் அந்த இரண்டாவது பெட்டியைத் திறந்தார்கள். பதினேழு சார்ஜர், ஆறு ஹெட்போன், எழுத்துகள் அழிந்துபோன ஒரு கீபோர்ட், எதற்கென்று எனக்கே தெரியாத ஒரு கறுப்புப் பெட்டி. "மாப்பிள்ள கலியாண வீட்டுக்கு லைட் கட்டுற ஆளோ?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் லைட் கட்டுகிற ஆள் இல்லை. பகலில் ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். மிச்ச நேரத்தில் புதிதாக வருகிற போன்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். அவற்றில் முக்கால்வாசியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. வாசிக்கிறவர்களும் அவற்றை வாங்கப்போவதில்லை. ஆகவே இரண்டு தரப்புக்கும் நட்டமில்லை. பின்னேரங்களில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவேன். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடல் பக்கம் நின்றால் சிக்னல் இரண்டு கோடு, வாவிப் பக்கம் ஒரு கோடு. எதிரி சுடுகிற நேரம் பார்த்து என் ஆள் அசையாமல் நிற்பான். செத்த பிறகுதான் அவனுக்கு இணையம் வரும். இதனால் நான் உலகத்தில் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

இனி மாமி. மாமி என்னோடு கதைப்பதில்லை.

கோபம் ஒன்றும் கிடையாது. மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்கக்கூடாது என்பது பழைய ஒழுங்கு. இப்போது ஊரில் அதை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டில் மாமியும் மருமகனும் ஒரே பாயில் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு நாடகம் பார்க்கிறார்கள். பெற்ற மகனைப் போல "மனே" என்றுதான் அந்த மாமி மருமகனைக் கூப்பிடுவார். எங்கள் மாமி மட்டும் விடவில்லை. நான் விறாந்தைக்கு வந்தால் அவர் குசினிக்குள் போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார். "சோறு போட்டு மூடி இரிக்கு. ஆறினா மீன்கறி ருசிக்காது" என்று பூனைக்குச் சொல்லிவிட்டு உள்ளே போவார். பூனை என்னைப் பார்க்கும். நான் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன்.

பெயர் சொல்வதும் கிடையாது. மாமாவின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை, என் பெயரையும் சொன்னதில்லை. மாமா என்றால் "இஞ்சருங்க." நான் என்றால் "அவர்." கலியாணம் முடித்து நான்கு வருடம் இப்படியே போனபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் வந்தது. ஒழுங்கு என்பது சாட்டு, மாமிக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது என்றுதான் நினைத்தேன். வயர்ப் பெட்டியோடு வந்தவனை எந்த மாமிக்குத்தான் பிடிக்கும்?

படம் பார்ப்பதிலும் இதே கூத்துத்தான். பழைய புரொஜெக்டர் ஒன்று வாங்கினேன். விறாந்தையில் வெள்ளைப் பெட்சீட்டைத் தொங்கவிட்டு ஞாயிறு பின்னேரங்களில் படம் போடுவேன். நடிகர்களின் பெயர் ஓடி முடிய முன்னமே என் மனைவி நித்திரையாகிவிடுவாள். மாமிக்குப் படம் என்றால் உயிர். ஆனால் நான் இருக்கிற பக்கம் எப்படி வந்து இருப்பது? அவர் வெளியே முற்றத்தில் கதிரை போட்டுப் பெட்சீட்டின் பின்பக்கத்தால் பார்ப்பார். இரண்டு வருடமாக மாமி பார்த்த படங்களில் எல்லாக் கதாநாயகர்களும் இடக்கைக்காரர்கள். ஒருமுறை ஊருக்குள் யாரோ தொலைக்காட்சியில் அதே படம் போட்டார்களாம். மாமி பார்த்துவிட்டு, "இது வேற படம், அதுல அவன் மற்றக் கையால அடிக்கான்" என்றாராம்.

மாமியும் மாமாவும் போனில் ஒரு பழ விளையாட்டு விளையாடுவார்கள். ஒரே மாதிரிப் பழம் மூன்றை வரிசையில் கொண்டுவந்தால் அவை உடையும், அவ்வளவுதான். நான் அதை மூன்று நாள் விளையாடிப் பார்த்து, இது மனிதர் விளையாடுகிற விளையாட்டா என்று எறிந்துவிட்டேன். அவர்கள் இருவரும் மூன்று வருடமாக விளையாடுகிறார்கள். ஒருநாள் விடிய மாமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினிக்குள் நின்று சொன்னது என் அறை வரைக்கும் கேட்டது.

"முப்பத்தொரு வருசம். ஒரு நாளைக்காவது ஆரும் எனக்கொரு தேத்தண்ணி ஊத்தித் தந்திரிக்காங்களா?"

மாமா படுக்கையில் இருந்தபடியே, "மூவாயிரமாவது லெவலுக்கு என்னைய முந்திப் போ. பொறகு பாப்பம்" என்றார்.

அப்படித்தான் பந்தயம் பிறந்தது. யார் முதலில் மூவாயிரத்தைத் தாண்டுகிறாரோ, அவருக்கு மற்றவர் ஒவ்வொரு நாளும் விடிய படுக்கையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இருக்கிற காலம் முழுக்க. என் மனைவிதான் சாட்சி. பந்தயம் போட்ட அன்று மாமா பன்னிரண்டு லெவல் முன்னால் நின்றார். அந்தத் துணிச்சலில்தான் ஒத்துக்கொண்டார். அதன் பிறகு மாமி விளையாடிய விளையாட்டு இருக்கிறதே, நான் துப்பாக்கி விளையாட்டில்கூட அப்படி ஒரு வெறியைக் கண்டதில்லை. அம்மியில் அரைக்கும்போது ஒரு கை, பழத்துக்கு ஒரு கை.

நெல் வெட்டுக் காலம் வந்தது. மாமாவுக்கு உன்னிச்சைக் குளத்துப் பக்க வட்டையில் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. மெசின் வரும் வரைக்கும் அங்கே ஓலைக் கொட்டிலாக ஒரு வாடி அடித்துத் தங்கிவிட்டார். அதே கிழமை என் மனைவிக்குக் கொழும்பில் பத்து நாள் பயிற்சி. அவள் பஸ் ஏறும்போது மாமி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் நின்றார். மாமா தொண்ணூற்றொன்றில். வீட்டில் மிஞ்சியது நானும் மாமியும் பூனையும்.

முதல் நாள் சமாளித்தோம். மாமி போனில் குரல் செய்தி பதிந்து கொழும்புக்கு மகளுக்கு அனுப்புவார். மகள் அதை எனக்குத் திருப்பி அனுப்புவாள். "மகள், அவர்ட உடுப்புக் காஞ்சிட்டுது, எடுக்கச் சொல்லு." குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் பதினைந்து அடி. அந்தச் செய்தி கொழும்புக்குப் போய், வகுப்பு முடிந்து அவள் போனைத் திறக்கும் வரை காத்திருந்து, திரும்பி எனக்கு வந்து சேரும்போது மழை பெய்து உடுப்பு மறுபடியும் நனைந்திருந்தது.

இரண்டாம் நாள் காலை கிணற்றடியில் "தொபுக்" என்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொரு "தொபுக்." நான் வெளியே வரும்போது மாமி கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து பூனையைத் தேடினார். அது இல்லை. வேறு வழியில்லாமல் வாளியிடம் சொன்னார்.

"கண்ணாடியும் போச்சு, போனும் போச்சு. குனிஞ்சன், கண்ணாடி வழுகிச்சு. அதப் புடிக்கப் போனன், இடுப்புல இரிந்த போன் விழுந்திட்டு."

இங்கே என் அறிவைக் காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதற்குள் இருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கரண்டி, ஒரு துலாக் கொளுக்கி, மாமாவின் மண்வெட்டித் தலை எல்லாம் வந்தன. போன் வரவில்லை. அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, இறால் அள்ளுகிற அத்தாங்கு வலை ஒன்றை நீட்டினார். எங்கள் பக்கக் கிணறுகள் ஆழமில்லை. இரண்டே அள்ளில் போனும் வந்தது, கண்ணாடியும் வந்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் வில்லை இல்லை, மறுபக்கம் கால் இல்லை. போனைத் துடைத்து, மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டும் என்று நான் உள்ளே துணி எடுக்கப் போய் வருவதற்குள் மாமி அதை அரிசிச் சாக்குக்குள் புதைத்துவிட்டார். அரிசி போனைக் காயவைக்காது என்று நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். என் எழுத்தை என் வீட்டிலேயே ஒரு குருவியும் படிப்பதில்லை. போன் போய்ச் சேர்ந்துவிட்டது.

அது போனால் என்ன, என்னிடம் நான்கு போன் இருக்கிறது. ஒன்றில் அந்தப் பழ விளையாட்டை இறக்கினேன். அது மாமியின் கணக்குக்குள் போகக் கடவுச்சொல் கேட்டது. மறந்துவிட்டேன் என்று அமத்தினால், போன் வாங்கிய கடையில் அன்றைக்கு யாரோ திறந்து கொடுத்த மின்னஞ்சலுக்குக் கடிதம் போகுமாம். அந்தக் கடை இப்போது பழச்சாறு விற்கிறது. ஆக, சொல்லை மாமிதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்று வருட விளையாட்டும் போச்சு. முதலாம் லெவலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மாமா மூவாயிரத்தைத் தாண்டிவிடுவார். அதற்குப் பிறகு சாகும்வரை மாமிதான் விடிய எழும்பி அவர் படுக்கைக்குத் தேத்தண்ணி கொண்டுபோக வேண்டும்.

பின்னேரம் மனைவியின் வகுப்பு முடிந்ததும் அவளுக்கு அழைப்பு எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு முக்காலியில் வைத்தேன். நான் இந்தப் பக்கம், மாமி கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம்.

"அந்தச் சொல் என்னெண்டு மாமிட்டக் கேளு" என்றேன்.

"அம்மா, அந்தச் சொல் என்னெண்டு கேக்கிறார்."

"மகள், அது நான் வாயால சொல்லாத சொல்லெண்டு அவருக்குச் சொல்லு."

"இஞ்சருங்க, அது அம்மா வாயால சொல்லாத சொல்லாம்."

"எனக்குக் கேட்டிட்டு எண்டு மாமிட்டச் சொல்லு."

"அம்மா, அவருக்குக் கேட்டிட்டாம்."

"அவருக்குக் கேட்டது எனக்கும் கேட்டிட்டு எண்டு சொல்லு மகள்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள இரிந்துகொண்டு என்ட உயிர எடுக்கிறீங்க. நான் சாப்பிடப் போறன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

வாயால் சொல்லாத சொல் என்றால் வேறு என்னவாக இருக்கும்? மாமாவின் பெயர்தான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மாமாவின் பெயரை அடித்தேன். பிழை என்றது. பெரிய எழுத்தில் தொடங்கி அடித்தேன், பிழை. பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்தேன், பிழை. இனி நாளைக்கு வா என்று பூட்டிக்கொண்டுவிட்டது. குசினிப் பக்கம் மாமி பூனைக்குச் சொல்வது கேட்டது. "அந்தப் பேர் இல்ல. அதத்தானே ஆரும் முதல்ல அடிச்சுப் பாப்பாங்க."

மாமியே அடிக்கலாம்தான். ஆனால் கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்ட இருக்கிறது ஒன்றும் தெரியாது. வாவிக்கரையில் நிற்கிற கொக்கின் கால் தெரியும், கையில் இருக்கிற போனில் எழுத்துத் தெரியாது. புதுக் கண்ணாடிக்கு ஒரு கிழமை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லி அடிப்பிக்கலாமே என்று நான் பூனைக்கு யோசனை சொன்னேன். ஆம், நானும் பூனையோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன். "அவளுக்குச் சொன்னா விடிய முதல் கோயில் ஸ்பீக்கர்ல போகும்" என்று மாமி பூனைக்குப் பதில் சொன்னார்.

மறுநாள் மாமி சமைத்தார், கூட்டினார், ஆனால் ஒன்றிலும் மனம் இல்லை. கறிக்கு உப்பு இல்லை. பின்னேரம் குசினிப் படியில் இருந்து வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "மகள்ட அப்பா இப்ப குளக்கட்டுல ஏறி நிண்டு அமத்திக்கொண்டிரிப்பார். வாடியில சிக்னல் இல்ல" என்றார். பக்கத்தில் பூனைகூட இல்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. கலியாண காலம் முழுக்க ஒரு மனுசி ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக் காத்திருந்திருக்கிறார். நான்கு லெவல்தான் மிச்சம். வீடு நிறைய வயரை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் புரொஜெக்டர் நினைவு வந்தது. கிட்டத்தான் தெரியாது, தூரம் தெரியுமே. போனின் திரையை அப்படியே பெட்சீட்டில் விழுத்தினால் எழுத்து ஒவ்வொன்றும் பப்பாசிப் பழம் அளவு இருக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு பெட்சீட்டைப் பார்த்து மாமியே அடிக்கலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பொழுது பட்டதும் எல்லாவற்றையும் கொளுவி, பூனைக்கு விளக்கம் சொல்லிவிட்டு, போனைக் கதிரையில் வைத்தேன். மாமி சீலைக்குப் பின்னால் இருந்து சொன்னார், "எழுத்தடிக்கக்குள்ள ஆரும் இஞ்சால நிக்கப்படா."

சரிதான். முதல் தடவையாக மாமி பெட்சீட்டின் முன்பக்கம் வந்தார். நான் முற்றத்துக்குப் போய் அவருடைய கதிரையில் இருந்தேன்.

இருந்த பிறகுதான் பார்த்தேன், பெட்சீட் முழுக்க எழுத்துப் பலகை இடம் வலம் மாறித் தெரிந்தது. பின்பக்கத்தால் படம் தெரிகிறதென்றால் கடவுச்சொல் மட்டும் தெரியாமல் போகுமா? அதோடு இன்னொன்றையும் மறந்திருந்தேன். அமத்துகிற எழுத்து ஒரு நொடி தெரிந்த பிறகுதான் புள்ளியாகும். போன்களைப் பற்றி வருடக்கணக்காக எழுதுகிற நான் அதை உண்மையாகவே மறந்துவிட்டேன். மரியாதையாகத் திரும்பி வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்து நொடி இருந்திருப்பேன். பிறகு திரும்பிவிட்டேன். பொய் சொல்லி என்ன பயன்.

முதல் எழுத்து விழுந்தது. மாமாவின் பெயரில் அந்த எழுத்தே இல்லை. இரண்டாவது விழுந்தது. பிழையாக அமத்தி ஒன்றை அழித்து, மூன்றாவதைத் தேடிப் பிடித்தார். கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்ற எழுத்துகளை மனதுக்குள் நேராக்கி நான் கூட்டிக்கொண்டு வந்தேன். நான்காவது எழுத்தில் எனக்குப் பிடிபட்டது. அது என் பெயர். கடைசி எழுத்து வரைக்கும் என் பெயர்தான்.

கதிரையோடு பின்னால் சாய்ந்து வாளியில் முட்டி விழுந்தேன். முன்பக்கத்தில் இருந்து மாமியின் குரல் மெதுவாக, "பாத்தாச்சுப் போல" என்றது. அதற்குள் பெட்சீட் முழுக்கப் பழம் கொட்டத் தொடங்கிவிட்டது.

அன்று நான் சாப்பிடவில்லை. சந்தோசம் வயிற்றை நிறைத்துவிட்டது. என்னைப் பிடிக்காது என்று நினைத்த மாமி மூன்று வருட விளையாட்டை என் பெயரை வைத்துப் பூட்டியிருக்கிறார். காலையில் மனைவிக்கு அழைத்துத் தழுதழுத்த குரலில் விசயத்தைச் சொன்னேன். அவள் தாயிடம் விசாரித்துவிட்டு மத்தியானம் எனக்கு எடுத்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கதை வரவில்லை.

"கடைக்காரன், ஆருக்கும் கண்டுபிடிக்கேலாத பேரொண்டு வைங்க எண்டானாம். அப்பாட பேர வெச்சா எல்லாரும் அதத்தான் முதல்ல அடிப்பாங்களாம். உங்கட பேரெண்டா அம்மா அத நினைப்பாவெண்டு ஒருத்தரும் நினைக்கமாட்டாங்களாம். அதுதானாம்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தொழில்காரனாக யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பத்திரமான கடவுச்சொல்லை நான் எங்கேயும் கண்டதில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த எனக்கே அது தோன்றவில்லையே.

அதன் பிறகு மூன்று பின்னேரம் எங்கள் முற்றம் தியேட்டராகிவிட்டது. பெட்சீட்டில் தென்னங்குலை அளவு திராட்சையும் தோடம்பழமும் உடைவதை மதிலுக்கு மேலால் கண்டு முதலில் அடுத்த வீட்டு அக்கா வந்தார், பிறகு ஒழுங்கை முழுக்க வந்தது. முன்பக்கம் இடமில்லாதவர்கள் என்னோடு பின்பக்கம் நின்றார்கள். விளையாட்டுக்குள் ஒரு பாதை உண்டு. அதில் மாமாவின் சிறிய படம் ஒவ்வொரு நாளும் மேலே ஏறிக்கொண்டு வந்தது. மாமி தொண்ணூற்றெட்டில் நிற்கும்போது மாமா தொண்ணூற்றேழு. மாமி மூவாயிரத்துக்கு வந்தபோது மாமாவும் மூவாயிரத்துக்கு வந்துவிட்டார். இனி யார் அதை முதலில் தாண்டுகிறார் என்பதுதான்.

நான் ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், "அந்த வாழைப்பழத்த இடப்பக்கம் தள்ளச் சொல்லு" என்று பூனைக்குச் சொன்னேன். பின்பக்கம் நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். மாமி இடப்பக்கம் தள்ளினார். ஓர் உயிர் போச்சு. ஒழுங்கை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

விளையாட்டில் ஐந்து உயிர் தருவார்கள். ஐந்தும் போனால் அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், அல்லது கூட்டாளியிடம் ஒன்று கேட்க வேண்டும். மாமிக்கு ஐந்தும் போச்சு. மாமா அந்த நேரம் குளக்கட்டில் ஏறி நிற்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அரை மணித்தியாலம் விட்டால் அவர் தாண்டிவிடுவார். உயிர் கேட்கலாம்தான், ஆனால் மாமியின் பட்டியலில் இருக்கிற ஒரே கூட்டாளி மாமா.

"கேளு மச்சாள்" என்று யாரோ சொன்னார்கள்.

"எதிரிட்ட ஆர் உயிர் கேக்கிற?" என்றார் மாமி. ஆனாலும் அமத்தினார்.

மாமா அனுப்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அனுப்பியிருக்கமாட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். பெட்சீட்டில் ஒரு பெரிய சிவப்பு இதயம் வந்து விழுந்தது. கீழே மாமாவின் படம்.

அந்த ஓர் உயிரில் மாமி தாண்டினார்.

மாமா ஐந்து நாள் கழித்து நெல் மூட்டைகளோடு வந்தார். என் மனைவியும் வந்துவிட்டாள். ஏன் அனுப்பினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "அவ கேட்டா. குடுக்காம இரிக்க ஏலுமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த நாள் விடிய குசினிக்குள் சட்டி பானை உருளுகிற சத்தத்தில் எழும்பினேன். மாமா தேயிலை டின்னைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாமி வழமைபோல விடிய முதலே விழித்துவிட்டாராம்; ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தாராம். மனைவி வந்து என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். நான் விறாந்தையில் போனைப் பார்க்கிற மாதிரி இருந்தேன். மாமா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், காலை எண்ணி எண்ணி வைத்து அறைக்குள் போனார்.

உள்ளே ஒரு மிடறு குடிக்கிற சத்தம். பிறகு மாமி சொன்னார், "இன்னொரு கோப்ப ஊத்துங்க. வெளியில இரிக்கிற ஆளுக்கும் குடுக்கணும்." அந்த இடத்தில் "ஆள்" என்று எழுதியது நான், மாமி சொன்னது என் பெயரை. கலியாணக் கடிதத்தில் அடித்திருந்த மாதிரி முழுப் பெயர்.

மாமா கொண்டுவந்து தந்தார். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. வடிக்கவில்லை, தூள் பல்லுக்குள் சிக்கியது. சீனி போட்டாரா என்று சொல்ல முடியாது. எப்படியோ முழுவதையும் குடித்து முடித்தேன். கோப்பையை வைத்துவிட்டு, துணிந்து, அறைப் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக நேரே சொன்னேன்.

"தேத்தண்ணி நல்லா இரிக்கு மாமி."

உள்ளேயிருந்து எனக்கு நேரே பதில் வந்தது.

"பொய் சொல்லப்படா மனே."